தளம் போட எத்தனை மூட்டை?

‘ஓர் அறையின் நீளம் 12 மீ, அகலம் 8 மீ. சதுர மீட்டருக்கு ரூ.45 வீதம் தரை பூச ஆகும் செலவு யாது?’

இந்த மாதிரிக் கணக்கைப் போடாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. பன்னிரண்டை எட்டால் பெருக்கு, வந்ததை நாற்பத்தைந்தால் பெருக்கு, 4,320 ரூபாய். அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டால் முழு மதிப்பெண்.

எனக்கு இந்தக் கணக்கின் மேல் பெரிய குறை ஒன்று உண்டு. இதில் கஷ்டமான வேலை அத்தனையையும் புத்தகமே செய்து முடித்துவிட்டது. டேப்பைப் பிடித்து அளந்தது யார்? சுவருக்கு உள்ளேயா வெளியேயா? நீளம் அடியிலும் கனம் இஞ்சிலும் இருந்தால் என்ன செய்வது? எதைக் கழிக்க வேண்டும், எதைக் கழிக்கக் கூடாது? வந்த விடையை மேலே முழுமையாக்க வேண்டுமா, கீழேயா? இவை எல்லாவற்றையும் முடிவு செய்து, எண்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய பெருக்கலை மட்டும் பிள்ளையிடம் கொடுக்கிறோம். பெருக்கலுக்குக் கையில் போன் இருக்கிறது. மற்றதற்கு?

நான் இருப்பது வல்லக்கோட்டை. ஒரகடம் கூட்டுரோட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், முருகன் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றிலும் சிப்காட். கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று ஏதாவது ஒன்றைச் செய்யும் கம்பெனிகள். வேலைக்கு வருகிறவர்கள் தங்க இடம் வேண்டும் என்பதால், நிலம் வைத்திருப்பவர்கள் வாடகைக்கு ரூம் கட்டுகிறார்கள், நிலம் இல்லாதவர்கள் ஒரு கிரவுண்டாவது வாங்கப் பார்க்கிறார்கள். ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. அதாவது, அளவியல் பாடம் முழுவதும் இங்கே தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வருகிற பிள்ளைகள், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘காண்க’, ‘யாது’ என்று முடியும் கணக்குகளைப் பார்த்ததும் பேனாவைக் கடிக்கிறார்கள்.

ஒருநாள் பக்கத்துத் தெரு அத்தை வந்தார். மாடியில் இரண்டு ரூம் எடுக்கிறார். “ஏம்மா, இருபதுக்கு முப்பது, அஞ்சு இஞ்ச் கனத்துல தளம். மூட்டை எவ்ளோ சொல்றதுன்னு மேஸ்திரி ஒண்ணு சொல்றாரு, கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு. நீ போட்டுச் சொல்லேன்.”

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் முந்திக்கொண்டான். “மிஸ், இருபது இன்ட்டு முப்பது இன்ட்டு அஞ்சு. மூவாயிரம்.”

“மூவாயிரம் என்ன?”

“கன அடி.”

“நூறு கன அடி ஒரு யூனிட். மூவாயிரம்னா முப்பது யூனிட். லாரிக்கு ரெண்டு யூனிட்டுன்னு வெச்சாலும் பதினஞ்சு லாரி. அத்தை வீட்டு மாடி தாங்குமாடா?”

அவன் யோசித்தான். சூத்திரத்தைத் தப்பாகச் சொன்னதற்காக யோசிக்கவில்லை. பதினைந்து லாரி அந்தச் சந்தில் எப்படி வரும் என்று யோசித்தான். எனக்கு வேண்டியதும் அதுதான். அஞ்சு இஞ்ச் என்பது அடியில் பன்னிரண்டில் ஐந்து. 20 × 30 × 5/12. விடை 250 கன அடி. இரண்டரை யூனிட். அது நம்பக்கூடிய அளவு.

இங்கே புத்தகக் கணக்கு முடிந்துவிடும். அத்தையின் கணக்கு இனிமேல்தான் ஆரம்பம். 250 கன அடி என்பது கலந்து, நீர் ஊற்றி, தட்டி இறுகிய கான்கிரீட்டின் அளவு. கடையில் வாங்குவது காய்ந்த சிமென்ட், காய்ந்த மணல், ஜல்லி. ஜல்லிக்கு நடுவே இருக்கும் சந்துகளில் மணல் புகுந்துகொள்ளும், மணலின் சந்துகளில் சிமென்ட் புகுந்துகொள்ளும். தனித்தனியாக அளந்தால் அதிகமாகவும், சேர்ந்தால் குறைவாகவும் இருக்கும். அதனால் கட்டடக்காரர்கள் 1.54 என்ற எண்ணால் பெருக்கிக்கொள்வார்கள். 250 × 1.54 = 385 கன அடி. கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, அதாவது எம்20. மொத்தம் ஐந்தரைப் பங்கு. 385-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 70 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 1.25 கன அடி. ஆக 56 மூட்டை சிமென்ட், 105 கன அடி மணல், 210 கன அடி ஜல்லி. அந்த 1.54 தெரியாமல் 250-ஐ அப்படியே பங்கு போட்டால் 37 மூட்டைதான் வரும். தளம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மூட்டை தீர்ந்தால் வேலையை நிறுத்த முடியாது. பழைய கான்கிரீட்டும் புதுசும் சேரும் இடத்தில் பின்னால் ஒழுகும். வகுப்பில் தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். இங்கே மழைக்காலம் முழுக்கப் பாத்திரம் வைக்க வேண்டும்.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே அளவு கன மீட்டர், 1.54 தேவையில்லை, ஏனென்றால் வருவதே கலந்த கான்கிரீட். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. 250-ஐ அதனால் வகுத்தால் 7.08. ‘ஏழு’ என்று ஆர்டர் கொடுத்தால் பள்ளிக்கூட விதிப்படி சரி, தளத்தின் மூலையில் குறையும். ஏழரை சொல்ல வேண்டும். சிந்துவதும் பைப்பில் தங்குவதும் சேர்த்தால் அந்தக் கூடுதல் வீணாகாது.

செலவுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அத்தை கேட்டார், “பத்து பர்சன்ட் குறைஞ்சுடுச்சா அப்போ?” வரி இல்லாமல் மூட்டை 300 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முன்பு 384, இப்போது 354. குறைந்தது 30 ரூபாய். 384-இல் 30 என்பது எட்டு விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 56 மூட்டைக்கு 1,680 ரூபாய் மிச்சம். ‘பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று கடையில் பெருமையாகச் சொன்னாலும் பில்லில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தலைக்கு மேலே போகும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊர்ச் சந்தையில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற ஐந்து பிள்ளைகளை நூனெஸ், கராஹர், ஷ்லீமான் என்ற ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் எழுதினார்கள். வாடிக்கையாளரைப் போல நின்று கேட்டபோது பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைக் கதைக் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. பலர் இதைச் சொல்லி ‘பள்ளிக்கூடம் வீண்’ என்று முடிப்பார்கள். நான் கவனிப்பது நடுவில் இருக்கும் 74-ஐ. வெறும் எண்ணைவிடக் கதை இரண்டு மடங்கு உதவியிருக்கிறது. அந்தக் கதை பிள்ளை பார்த்த பொருளைப் பற்றியதாக இருந்துவிட்டால் போதும்.

நம் நாட்டு நிலவரமும் தெரிந்ததுதான். 2023இல் அசர் ஆய்வு 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்தில் இருக்கும் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் அன்றாடக் கணக்குகளைக் கேட்டது. ஸ்கேலின் பூஜ்யத்தில் பொருளை வைத்தபோது ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். பொருளைக் கொஞ்சம் நகர்த்தி வேறு எண்ணிலிருந்து தொடங்கியபோது சரியாகச் சொன்னவர்கள் 39 விழுக்காடு. எங்கள் ஊர் மேஸ்திரிகள் யாரும் டேப்பைப் பூஜ்யத்தில் பிடிப்பதில்லை. முனைக் கொக்கி வளைந்திருக்கும், முதல் இஞ்ச் அழிந்திருக்கும். ஒரு அடிக் கோட்டைச் சுவரில் வைத்து, அந்தப் பக்கம் வருவதில் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். பத்தாவது தேறாத சித்தாள்கூட இதைச் செய்கிறார். ஸ்கேலை நகர்த்தினால் தடுமாறும் அந்த 14 வயதுப் பிள்ளை ஒரு நாள் அவர் பக்கத்தில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தால் போதும், கற்றுக்கொண்டுவிடும்.

அடுத்து சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் தெருக்களில் இது பெரிய விஷயம். “எட்டுக்கு ஆறு, அஞ்சடி ஆழம்” என்று பேசி முடிக்கிறார்கள். 240 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், கிட்டத்தட்ட 6,800 லிட்டர். ஆனால் எட்டுக்கு ஆறு என்பது தோண்டிய குழியின் அளவா, கட்டி முடித்த பிறகு உள்ளே இருக்கும் அளவா? குழிதான் எட்டுக்கு ஆறு என்றால், நான்கு பக்கமும் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் எழும்பிய பிறகு உள்ளே ஆறரைக்கு நாலரைதான் மிஞ்சும். 6.5 × 4.5 × 5 = 146.25 கன அடி. 4,140 லிட்டர். தரைக் கனத்தையும் பூச்சையும் இன்னும் கழிக்கவில்லை. தோண்டும் கூலி வெளி அளவுக்கு, தண்ணீர் உள் அளவுக்கு. ஒன்பது இஞ்ச் சின்னதாகத் தெரியும், ஆனால் ஐந்தில் இரண்டு பங்குத் தண்ணீரை அது எடுத்துக்கொள்கிறது. பேரம் பேசும்போதே ‘உள் அளவு’ என்ற சொல்லைப் போட்டுப் பேச வேண்டும், தாளிலும் எழுதி வாங்க வேண்டும்.

வட்ட உறை இறக்குகிறவர்களுக்கு நம் பழைய கணக்கு ஒன்று கைகொடுக்கும். காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லும் வழி, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குவது. பை எதுவும் ஞாபகம் வைக்க வேண்டாம், கயிறும் டேப்பும் போதும். உள்விட்டம் நாலடி உறையின் உள்சுற்று ஏறக்குறைய 12.57 அடி. அதில் பாதி 6.28, விட்டத்தில் பாதி 2. பெருக்கினால் 12.57 சதுர அடி. ஓரடி உயர உறை ஒன்று ஏறக்குறைய 356 லிட்டர் பிடிக்கும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, இது πr² தானே மிஸ் என்று கேட்டாள். அதேதான். அவள் அதைத் தானாகக் கண்டுபிடித்த சந்தோஷம் அன்று முழுக்க எனக்கு இருந்தது.

நிலத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் பணம் அதிகம் கைமாறுவதும், கணக்குத் தெரியாதவர்கள் அதிகம் இழப்பதும் இதில்தான். பட்டாவில் ஹெக்டேர்-ஏர், பத்திரத்தில் சென்ட், புரோக்கர் வாயில் கிரவுண்டும் சதுர அடியும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400. ‘அஞ்சரை சென்ட், ஒரு கிரவுண்ட்’ என்று சொல்வார்கள். அஞ்சரை சென்ட் 2,395.8 சதுர அடிதான். நாலு சதுர அடி போனால் என்ன என்று கேட்கலாம். சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தால் 8,400 ரூபாய். அத்தை வாங்கிய சிமென்ட்டில் இருபத்து மூன்று மூட்டைக்கு மேல்.

அதைவிடப் பெரிய ஓட்டை, கோணலான மனையை அளப்பதில் இருக்கிறது. நாலு பக்கமும் அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குகிறார்கள். இது நேற்று வந்த வழக்கம் இல்லை. ஊர்க்கணக்குப்பிள்ளைகள் காலம் காலமாகக் கையாண்ட முறை. மனை சரியான செவ்வகமாக இருந்தால் விடை சரி. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் விடை உண்மையைவிட அதிகமாகத்தான் வரும், ஒருபோதும் குறைவாக வராது. விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம், அல்லது வரி கட்டுகிறவருக்கு நஷ்டம். ஓர் உதாரணம்: ஒரு ஜோடி எதிரெதிர்ப் பக்கங்கள் 40 அடி, மற்ற ஜோடி 50 அடி. பெருக்கினால் 2,000. ஆனால் மனை இணைகரம் போலச் சாய்ந்து, 40 அடிப் பக்கங்களுக்கு நடுவே செங்குத்துத் தூரம் 48 அடிதான் என்றால் உண்மைப் பரப்பு 1,920. எண்பது சதுர அடி காற்றுக்குக் காசு கொடுத்தாயிற்று. சதுர அடி 2,000 என்றால் ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

தப்பிக்க வழி ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. குறுக்கே ஒரு மூலைவிட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன மனையில் அது 54.6 அடி. மனை இரண்டு முக்கோணமாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் ஹெரான் சூத்திரம் போட்டால் 960, 960. மொத்தம் 1,920. அரசு சர்வேயர்கள் வரையும் புலப்படத்திலும் வயலின் குறுக்கே கோடுகள் ஓடுவது இதற்காகத்தான். நாலு பக்க அளவு மட்டும் தெரிந்தால் பரப்பு தெரியாது. அதே நாலு குச்சிகளை ஆணியடித்துச் சேர்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

இந்த மண் அளக்கப்படுவது புதிதில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, வீடு எத்தனை, விளைச்சல் யாருக்கு எவ்வளவு என்று ஊர் ஊராக. அதற்கு அடியில் இருந்தது ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்த விவரம். நிலத்துக்கு அவர்கள் வைத்த அளவு காணி. இருபத்து நான்கு அடிச் சதுரம் ஒரு குழி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. அதை இருபத்து நான்கால் வகுத்துப் பாருங்கள், 2,400 வரும். இன்று புரோக்கர் சொல்லும் கிரவுண்ட் அந்தக் காணியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு, அந்தக் காலத்து மனை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்ததும் நெல்லை அளக்க, நிலத்தை அளக்க, கூலியைப் பிரிக்க. அந்தக் கணக்குகளையும் அவற்றின் பின்னால் இருந்த உழைப்பையும் சாதியையும் பற்றி செந்தில் பாபு ஆங்கிலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். நூல் 2022இல் வந்தது. கணக்கு யாரிடம் இருந்ததோ அவரிடம் அதிகாரம் இருந்தது என்பதை அதில் பார்க்கலாம். அதனால்தான் இதைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

டைல்ஸ் பற்றிச் சுருக்கமாக. 11 அடி 4 இஞ்சுக்கு 15 அடி 4 இஞ்ச் ரூம், இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். பரப்பை வகுத்தால் 44 டைல்ஸ், பெட்டிக்கு நான்கு என்றால் 11 பெட்டி. ஆனால் ஓரத்தில் பதினாறு இஞ்ச் வெட்டியதும் மிஞ்சும் எட்டு இஞ்ச் துண்டு தரையில் எங்கும் பொருந்தாது. வரிசைக்கு ஆறு, எட்டு வரிசை, 48 டைல்ஸ், 12 பெட்டி. மிஞ்சிய எட்டு இஞ்சை இரண்டாகக் கீறினால் நாலு இஞ்ச் ஸ்கர்ட்டிங் கிடைக்கும். இதை எனக்குச் சொன்னவர் டைல்ஸ் ஒட்டும் தம்பி. பரப்பளவு சமமாக இருப்பதும் துண்டுகள் பொருந்துவதும் வேறு வேறு கேள்விகள் என்று அவருக்குத் தெரியும்.

பெயின்ட், பூச்சு வேலையில் கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பது ஒப்பந்தம். பூச்சுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1200, அரை சதுர மீட்டருக்குள் இருக்கும் திறப்பைக் கழிப்பதில்லை. அரையிலிருந்து மூன்று வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்கிறது, ஏனென்றால் திறப்பின் ஓரங்களைப் பூசும் வேலை இருக்கிறது. வேலை தொடங்கும் முன் பேசிவிட்டால் கடைசி நாளில் சண்டை இல்லை.

இனி எங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கணக்கு. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. 20 ஏக்கர், 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 13 கட்டடம், ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு ஆறு பேர். பிள்ளைகளிடம் கொடுத்தேன். 13 × 240 × 6 = 18,720 பேர். செலவை வகுத்தால் ஒருவருக்கு 3 லட்சத்து 77 ஆயிரம். இருபது ஏக்கர் நிலத்தை வகுத்தால் ஒருவருக்கு நாற்பத்தாறு சதுர அடிச் சொச்சம். “அவ்ளோதானா மிஸ்? ஒரு கட்டில் போட்டா முடிஞ்சுது” என்றாள் ஒரு பெண். அவள் அக்கா கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவள். மாடி மேல் மாடியாக அடுக்கியிருப்பதால்தான் இத்தனை பேருக்கு இடம் வருகிறது என்று இன்னொருவன் சொன்னான். பிறகு தங்கள் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். ஆறு பேர் என்றால் ஆளுக்கு இருபது சதுர அடி. அப்போது வாடகை தலைக்கு எவ்வளவு, சதுர அடிக்கு எவ்வளவு, எது நியாயம் என்று அரை மணி நேரம் வாக்குவாதம். நான் குறுக்கிடவில்லை. அன்று புத்தகத்தைத் திறக்கவும் இல்லை.

போகிற போக்கில் மழைக்கணக்கும் ஒன்று: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். அத்தையின் 600 சதுர அடித் தளம் 55.7 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 557 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழையில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 5,570. அந்த எட்டுக்கு ஆறு சம்பில் அது முழுவதும் கொள்ளுமா என்பதை மேலே போட்ட கணக்கைப் பார்த்து நீங்களே சொல்லலாம்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவியல் பாடம் தொடங்கும் வாரத்தில் வகுப்பை ஒருமுறை வெளியே அழைத்துப்போங்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியை அளக்கவிடுங்கள், லிட்டரை அவர்களே சொல்லட்டும். தொட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று அவர்களே தேடட்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: மணல் லாரி வந்து நின்றதும் கொட்டச் சொல்லாதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் மேலே ஏற்றிவிடுங்கள். உள்பக்க நீளம், அகலம், மணலைச் சமப்படுத்திய பிறகு உயரம். மூன்றையும் அடிக்கு மாற்றிப் பெருக்கி, நூறால் வகுக்கச் சொல்லுங்கள். பதினாலுக்கு ஏழு அடி பாடியில் உயரம் மூன்று இஞ்ச் குறைந்தாலே 24 கன அடிக்கு மேல் போய்விடும், அதாவது கால் யூனிட். பிள்ளை சொல்லும் எண்ணுக்குத்தான் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.